பிளாரன்சில் மெதிச்சி குடும்பத்தின் நினைவிடங்கள்: கொடையாளியும் திருச்சபையும்

திருச்சபை வரலாற்றைப் பயிலும் மாணவர் மெதிச்சி என்னும் பெயரைப் பெரும்பாலும் சீர்திருத்த இயக்கத்தின் தொடக்கத்தில்தான் சந்திக்கின்றனர். 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லுத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து எழுதியபோது ரோமில் ஆண்ட போப்பு பத்தாம் லியோ அக்குடும்பத்தவரே. ஆனால் அவர் எவ்வாறு அவ்விருக்கைக்கு வந்தார் என்பதை அறிய விரும்புவோர், அதற்குச் சரியாக 120 ஆண்டுகளுக்கு முன், 1397இல், பிளாரன்ஸ் நகரில் அவருடைய முன்னோர் தொடங்கிய வங்கியிலிருந்து புறப்பட வேண்டும்.

அவ்வழியை இன்றும் கால்நடையாகவே தொடரலாம். குடும்பத்தின் இறுதி வாரிசான அன்னா மரியா லூயிசா அம்மையார், தம் முன்னோர் சேர்த்த கலைச் செல்வங்கள் அந்நகரைவிட்டு வெளியேறலாகாது என்னும் நிபந்தனையுடன் அவற்றை 1737இல் நாட்டுக்கு உரிமையாக்கினார். ஆதலின் அக்குடும்பம் திருச்சபைக்குக் கொடுத்ததையும், திருச்சபையிடமிருந்து பெற்றதையும் சில தெருக்களின் எல்லைக்குள்ளேயே காண இயலுகிறது.

சான் மார்க்கோ மடம்

முதற்கண் காணத்தக்கது சான் மார்க்கோ மடம். 1436இல் இது தொமினிக்கன் துறவியர்க்கு அளிக்கப்பட்டது. சிதைந்து கிடந்த கட்டடங்களை மூத்த கோசிமோ (1389–1464) தம் பொருளைக்கொண்டு புதுப்பித்தார். சிற்பி மிக்கெலோஸ்ஸோ கட்டினார். துறவி பிரா ஆஞ்செலிக்கோ அறைதோறும் கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகளைச் சுவரில் தீட்டினார். எளிய வண்ணங்களில் அமைந்த அவ்வோவியங்கள், தனிமையில் செபிக்கும் துறவியின் தியானத்திற்கென்றே வரையப்பட்டவை. நிக்கொலோ நிக்கொலி என்னும் அறிஞர் விட்டுச்சென்ற ஏடுகளைக்கொண்டு கோசிமோ அங்கு அமைத்த நூலகம், கற்றோர் அனைவர்க்கும் திறந்திருந்தது.

இக்கொடையின் காரணத்தைக் கோசிமோவின் காலத்தவரான வெஸ்பாசியானோ எழுதி வைத்துள்ளார். தம் செல்வத்தில் ஒரு பகுதி நேர்மையற்ற வழியில் வந்தது என்னும் எண்ணம் கோசிமோவின் மனச்சாட்சியை வருத்தியது. அவர் போப்பு நான்காம் யூஜீனியசிடம் ஆலோசனை கேட்டார். போப்பு 10,000 பொற்காசுகளை இம்மடத்திற்குச் செலவிடுமாறு கூற, கோசிமோ அதனினும் பன்மடங்கு செலவிட்டார்.

இங்கு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். வட்டி வாங்குவது பாவம் என்பது அக்காலத் திருச்சபையின் போதனை. மெதிச்சி வங்கி கடனுக்கு வெளிப்படையாக வட்டி எழுதவில்லை. ஒரு நகரில் பணம் கொடுத்து, வேறொரு நகரில் வேறு நாணயத்தில் திரும்பப் பெறும் மாற்றுச் சீட்டுகளில், நாணய மாற்று விலைக்குள் ஆதாயத்தை அடக்கியது. தவறாகச் சேர்த்த பொருளை, இழந்தவர்க்கே திருப்பித் தரவேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டமே. இழந்தவர் இன்னார் எனத் தெரியாதபோதுதான் ஏழைகளுக்கோ அறப்பணிகளுக்கோ கொடுக்கலாம். கோசிமோவின் பொருள் கட்டடமாயிற்று. ஆலோசனை சொன்ன போப்புவின் வருவாயைக் கையாண்டதும் அதே வங்கி. கோசிமோவின் மனவருத்தம் மெய்யானது என்றே கொள்ளலாம். அம்மடத்தில் அவர் தமக்கென ஓர் இரட்டை அறை வைத்துக்கொண்டு செபித்துவந்தார். எனினும் சகேயு நாலத்தனையாகத் திருப்பியளித்தது தான் அநியாயம் செய்தவர்களுக்கு என்பதை நாம் மறத்தலாகாது.

அரண்மனைச் சிற்றாலயம்

கோசிமோவின் அறைச் சுவரில், சாஸ்திரிகள் பாலகனாகிய இயேசுவின் முன் பணியும் காட்சி உள்ளது. சில நிமிட நடைத்தொலைவில், 1444இல் தொடங்கப்பட்ட மெதிச்சி அரண்மனையின் சிற்றாலயத்தில், 1459இல் பெனோஸ்ஸோ கொஸ்ஸொலி அதே சாஸ்திரிகளின் பயணத்தைத் தீட்டினார். பொன்னும் பட்டும் மின்னும் அவ்வூர்வலத்தில் கோசிமோவும் அவர் மக்களும் செல்கின்றனர். பணிவின் காட்சி பெருமையின் காட்சியாக மாறியதை இவ்விரு சுவர்களும் நமக்குக் காட்டுகின்றன.

பேராலயம்

நகரப் பேராலயம் திருச்சபை வரலாற்றில் இரு நாட்களால் நினைக்கப்படுகிறது. 1439 ஜூலை 6 அன்று, கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் ஒன்றிணைந்ததாக அறிவித்த ஆணை இங்கு வாசிக்கப்பட்டது, அவ்வொற்றுமை நிலைக்கவில்லை. 1478 ஏப்ரல் 26, ஞாயிறு ஆராதனை வேளையில், பாஸ்ஸி குடும்பத்தாரின் சதியால் கோசிமோவின் பேரன் ஜூலியானோ கொலையுண்டார். அவர் தமையன் லொரென்சோ காயத்துடன் திருப்பண்ட அறைக்குள் தப்பினார். ஆலயத்திற்குள் கொலை செய்யப் போர்வீரன் ஒருவன் மறுத்துவிட, லொரென்சோவைக் கொல்ல முன்வந்தவர்கள் இரு குருக்கள்! பீசா நகரப் பேராயரும் சதியில் உடன்பட்டிருந்தார். அவர் அன்றே நகராட்சி மாளிகையில் தூக்கிலிடப்பட்டார். போப்பு நான்காம் சிக்ஸ்துஸ் லொரென்சோவைச் சபைநீக்கம் செய்தார்.

ரோமின் பகை எத்தகைய ஆபத்து என்பதை இதனால் உணர்ந்த லொரென்சோ, ரோமையே தம் வீட்டிற்குள் கொண்டுவர முனைந்தார். தம் மகளைப் போப்பு எட்டாம் இன்னொசென்ட்டின் மகனுக்கு மணமுடித்தார். 1489இல் அவருடைய மகன் ஜொவான்னி பதின்மூன்றாம் வயதில் கர்தினாலாக்கப்பட்டார். பாட்டனார் திருச்சபைக்குக் கொடுத்தார். பேரனார் திருச்சபையில் பங்கு வாங்கினார்.

சவொனரோலாவின் அறை

மெதிச்சி பணத்தால் எழுந்த சான் மார்க்கோவுக்கு 1491இல் தலைவரானவர் ஜிரோலாமோ சவொனரோலா. புதிய தலைவர் லொரென்சோவைச் சென்று காணும் வழக்கத்தை அவர் கைக்கொள்ளவில்லை என்று பழைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மடத்தின் காணிக்கைப் பெட்டியில் பொற்காசுகள் விழுந்தபோது, வெள்ளியும் செம்பும் தமக்குப் போதும் என்று கூறி, பொன்னை ஏழைகளுக்கு அனுப்பிவிட்டாராம்.

1492இல் லொரென்சோ மரணப் படுக்கையிலிருந்தபோது இருவரும் சந்தித்தனர். அருகிலிருந்த அறிஞர் பொலிஸியானோ, துறவி ஆசி கூறிச் சென்றதாக எழுதினார். பிளாரன்சின் விடுதலையைக் கேட்டு, அது மறுக்கப்பட்டதால் பாவவிமோசனம் தராமல் திரும்பினார் என்பது துறவியின் அன்பர்கள் பிற்காலத்தில் எழுதியது. நேரில் கண்டவரின் கடிதத்திற்கே வரலாற்று மாணவர் முதலிடம் தரவேண்டும்.

1494இல் மெதிச்சிகள் நகரைவிட்டுத் துரத்தப்பட்டனர். அதன்பின் சவொனரோலாவின் சொல்லே நகரில் ஓங்கியது. அவருக்கும் அதிகாரத்தின் சோதனை வந்தது. 1497இல் ஆடம்பரப் பொருள்களும் ஓவியங்களும் நூல்களும் தீக்கிரையாயின. அவ்வாண்டே, மெதிச்சிகளை மீட்கச் சதிசெய்ததாகத் தீர்க்கப்பட்ட ஐவர்க்கு, அவருடைய ஆதரவாளர்கள் மேல்முறையீட்டை மறுத்துத் தலைவெட்டியபோது அவர் தடுக்கவில்லை. 1498 மே 23 அன்று அவரும் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். அவ்விடத்தை நகரச் சதுக்கத்தில் ஒரு வட்டக்கல் காட்டுகிறது. சிறையில் 51ஆம் சங்கீதத்தின்மேல் அவர் எழுதிய தியானத்தை 1523இல் லுத்தர் தம் முன்னுரையுடன் வெளியிட்டார்.

கல்லறைகள்

சான் லொரென்சோ ஆலயத்தில் பலிபீடத்தின்முன் தரையில் கோசிமோவின் நினைவுக்கல் உள்ளது. ‘நாட்டின் தந்தை’ என்பது அதிலுள்ள பட்டம். மைக்கேலாஞ்சலோ அமைத்த புதிய திருப்பண்ட அறையில், பெரும் சிற்பங்களுடன் கூடிய கல்லறைகள் குடும்பத்தின் இரு சாதாரணப் பிரபுக்களுக்கே கிடைத்தன. புகழ்பெற்ற லொரென்சோவும் கொலையுண்ட ஜூலியானோவும் மாதாவின் சிலையடியில், தனிச் சின்னமின்றி உறங்குகின்றனர்.

கர்தினாலான ஜொவான்னி 1513இல் பத்தாம் லியோ ஆனார். புனித பேதுரு ஆலயக் கட்டடத்திற்கெனச் செருமனியில் விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டின் வருவாயில் பாதி, பேராயர் ஆல்பிரெக்ட்டின் கடனுக்காக ஃபூகர் வங்கிக்குச் சென்றது. ஒருகாலத்தில் ஒரு செல்வரின் மனச்சாட்சி ஆலயக் கட்டடத்தால் ஆறுதல் பெற்றது. இப்பொழுது எளியவரின் மனச்சாட்சியே ஆலயக் கட்டடத்திற்கு வருவாயாயிற்று. முன்னதில் கவனிக்கப்படாத தவறு பின்னதில் முதிர்ந்தது எனலாம்.

லியோவும், அவர் உறவினராகிய போப்பு ஏழாம் கிளமென்ட்டும் ரோமில் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டுள்ளனர். அவ்வாலயத்திலேயே பிரா ஆஞ்செலிக்கோவின் எளிய கல்லறையும் உள்ளது.

மெதிச்சிகளின் பொருள் இல்லாவிடில் அத்துறவியின் ஓவியங்கள் இருந்திரா; அதற்காக நாம் நன்றி பாராட்டலாம். கொடையை ஏற்பதனால் மட்டும் சபை கெட்டுவிடுவதில்லை. கொடுப்பவரிடம் பொருள் வந்த வழியையும், அதனால் இழந்தோரையும் குறித்துக் கேட்கும் துணிவை போதகர் கைவிடும்போதே கேடு தொடங்குகிறது. போப்பு யூஜீனியஸ் கோசிமோவுக்கு ஆலோசனை கூறிய நாளில் அக்கேள்வி எழுந்திருக்குமாயின், சான் மார்க்கோவின் சுவர்கள் சிறிது எளியனவாக இருந்திருக்கலாம். வசதிமிக்க அங்கத்தினர் ஒருவர் மனவருத்தத்தோடு நம்மிடம் வந்து, நான் என்ன செய்யவேண்டும் என்று வினவும்போது, கட்டட நிதியை நினைக்குமுன் நாம் சகேயுவை நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.