பாம்புப் பண்ணையில் பாடம் சொன்னவர்கள்

2023 ஜனவரி 25-ஆம் தேதி இரவு டிவியில் பத்ம விருதுப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் அரைத் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தவன், பத்மஸ்ரீ வரிசையில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்று இரண்டு பெயர்கள் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள், பாம்பு பிடிப்பவர்கள்.

"யாருங்க, தெரிஞ்சவங்களா?" என்று வீட்டில் கேட்டாள்.

"நேரில் பழக்கமில்லை. ஆனா எங்க வாத்தியார் வம்சம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருபத்து சொச்சம் வருஷம் ஒரு சிறிய இயற்கை மையத்தில் கைடாக இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பது, பாம்பைக் காட்டிப் பயத்தைப் போக்குவது, பறவைக்குப் பெயர் சொல்வது, இதுதான் வேலை. இதற்கு எங்கே படித்தீர்கள் என்று இப்போதும் கேட்கிறார்கள். படிப்பு எங்கே இருந்தது? அகமதாபாத்தில் சுற்றுச்சூழல் கல்விக்கான மையம் வந்தது 1984-ல். சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் வந்தது 1989-ல். அதற்கு முன் இந்த வேலைக்கு வந்தவர்களெல்லாம் விலங்கியல் படித்துத் தவளையை அறுத்துப் பார்த்தவர்கள், அவ்வளவுதான். உயிரோடு இருக்கும் கட்டுவிரியனுக்கு முன்னால் நாற்பது பிள்ளைகளோடு நிற்கும்போது அந்தப் படிப்பு எந்த மூலைக்கு?

நம் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு விதை போட்டவர் ராமுலஸ் விட்டேகர். அமெரிக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியா வந்து, கொடைக்கானலில் படித்தவர். அறுபதுகளில் அமெரிக்கா திரும்பி, மயாமியில் பில் ஹாஸ்ட் என்பவரின் பாம்புப் பண்ணையில் வேலை செய்தார். வெறும் கையால் பாம்பைப் பிடித்து விஷம் எடுப்பதற்குப் பேர்போனவர் அந்த ஹாஸ்ட். விட்டேகர் இங்கே திரும்பி வந்து, தாம்பரம் அருகே சேலையூரில் சின்னதாக ஒரு பாம்புப் பண்ணை ஆரம்பித்தார். 1972-ல் அது கிண்டிக்கு வந்தது. நம்மில் பலர் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்த அதே பண்ணைதான்.

மயாமியில் அவர் கற்றது பாம்பைக் கையாள்வதை. நம்மூர்ப் பாம்பைத் தேடிக் கண்டுபிடிக்கக் கற்றது இருளர்களிடம். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இருளர்களின் அன்றைய பிழைப்பு வேறு மாதிரி இருந்தது. பாம்புத்தோல் வியாபாரிகளுக்குச் சாரையும் நல்லபாம்பும் பிடித்துக் கொடுப்பது. தோல் கடல் கடந்து போய்க் கைப்பையும் செருப்பும் ஆகும். பிடித்தவருக்குக் கிடைப்பது சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புக்கு நல்ல காலம், பிடிப்பவர் வீட்டில் அடுப்பு அணைந்தது. சட்டம் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் பெரும்பாலும் போடுவதில்லை. விட்டேகரும் நண்பர்களும் போட்டார்கள். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இந்தச் சங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். மண் பானையில் மணல் போட்டு, பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான் அனுமதி. மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கையில் வந்தால் உடனே விடுதலை. அந்த விஷத்தைத்தான் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்கிறார்கள். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த மருந்தும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் எங்களைப் போன்ற கைடுகளுக்கு மூன்று நாள் பயிற்சி என்று அனுப்பினார்கள். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். முதல் இரண்டு நாள் கரும்பலகை, ஸ்லைடு, லத்தீன் பெயர்கள். மூன்றாம் நாள் ஓர் இருளர் பெரியவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வேட்டி, தோளில் துண்டு, கையில் கடப்பாரை. எங்களைப் புதர்க்காட்டுக்குக் கூட்டிப் போனார்.

ஒரு புற்றின் முன்னால் குந்தினார். நாலு பொந்து. "இதுல சிலந்தி வலை கட்டியிருக்கு பாரு சார், ஆள் போகவரத்து இல்லை. இது விளிம்பு வழவழன்னு இருக்கு. உள்ளே இருக்கு." இருந்தது. சாரை.

பிறகு எங்களை இரண்டு நாளாகக் குழப்பிய விஷயத்துக்கு வந்தார். கட்டுவிரியனுக்கும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பட்டை போட்டவை, இரண்டும் இரவில் வீட்டுக்குள் வருபவை. பெரியவர் மண்ணில் குச்சியால் இரண்டு கோடு இழுத்தார். "வரையனுக்குப் பட்டை கழுத்துலயே தொடங்கிடும், வாலுக்குப் போகப் போக மங்கிடும். விரியனுக்குத் தலைப்பக்கம் மங்கலா இருக்கும், வாலுக்குப் போகப் போகப் பளிச்சுன்னு ஆகும். முதுகு நடுவுல செதில் பெருசு பெருசா இருக்கும்." கடைசியில் சிரித்துக்கொண்டே, "எதுவா இருந்தாலும் நீங்க கை வைக்காதீங்க சார்" என்றார். பின்னால் புத்தகங்களில் சரி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது, நடு முதுகின் அறுகோணச் செதில் உட்பட.

சாயங்காலம் சான்றிதழ் வழங்கும் விழா. மேடையில் பேசியவர்கள் இரண்டு நாள் ஸ்லைடு போட்டவர்கள். பெரியவர் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். அவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் அன்றைய கூலியும். பயிற்சியாளர் பட்டியலில் அவர் இல்லை, 'உதவியாளர் ஒருவர்' என்று செலவுக் கணக்கில் மட்டும் இருந்தார்.

அவர்களைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அன்று முழுக்க அவர் எங்களை 'சார்' என்றார். அப்பா வயதுடையவரை நாங்கள் எல்லோரும் 'நீ, வா, போ' என்றுதான் பேசினோம். பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பின் தொழிலில் கற்றதெல்லாம் ஒருவர் வாயிலிருந்து ஒருவருக்குப் போனதுதான். ஸஃபர் ஃபதேஹ் அலி நடத்திய பறவை நோக்குவோர் செய்தி மடல் கைமாறி வரும். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டிக்காரர்கள் 1978 முதல் இருந்தார்கள், அவர்களோடு ஞாயிற்றுக்கிழமை நடை. கோடியக்கரைக்குப் போனால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைக் காலில் வளையம் மாட்டுவதைப் பார்க்கலாம். அங்கேயும் இதே கதைதான். வலை விரித்துப் பறவையைச் சிறகு நோகாமல் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார்கள், பரம்பரைப் பறவை வேடர்கள்.

2017-ல் ஒரு செய்தி வந்தது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயல் முதல் மான் வரை விழுங்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க அமெரிக்கர்கள் அழைத்தது மாசியையும் வடிவேலையும். உள்ளூர் வேட்டைக்காரர்கள் சாலையோரமும் கரையோரமும் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் நேரே அடர்ந்த புதருக்குள் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. கூட இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் போயிருந்தார்கள். எனக்குப் பாம்பைவிட அதுதான் பெரிதாகப் பட்டது. இவர்கள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும் என்று நினைத்து ஆள் வைத்திருக்கிறார்கள். மயாமியில் கற்றவர் இங்கே வந்து இருளரிடம் கற்று ஐம்பது வருஷம் கழித்து, இருளர்கள் அதே ஃபுளோரிடாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள்.

விருது அறிவித்த மறுநாள் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். சான்றிதழ் இருந்தது, ஓரமெல்லாம் பூச்சி அரித்து. அதன் கீழே அந்த மூன்று நாள் நோட்டுப் புத்தகம். மூன்றாம் நாள் பக்கத்தில், பெரியவர் மண்ணில் இழுத்த இரண்டு கோடுகளை வரைந்திருக்கிறேன். பக்கத்தில் 'கழுத்து', 'வால்' என்று அம்புக்குறி. மேலே, சொல்லிக்கொடுத்தவர் என்று எழுதிக் கோடு போட்டு, காலியாக விட்டிருந்தேன்.