கணினி விளையாட்டில் வன்பொருள் பொருத்தம்

கணினி விளையாட்டில் வன்பொருள் பொருத்தம் என்பது, நிகழ்பட விளையாட்டுகளை ஆடுவதற்கான மேசைக் கணினியில் செயலி, வரைகலை அட்டை, கணினித் திரை ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று ஈடாகத் தெரிவு செய்வதாகும். இம்மூன்றில் எது பின்தங்குகிறதோ அதுவே கண்ணுக்குத் தெரியும் வேகத்தை வரையறுக்கிறது. மற்ற இரண்டின் கூடுதல் திறனுக்குச் செலவிட்ட பணம் பெரும்பாலும் பயனற்றுப் போகிறது.

பணிப் பகிர்வு

விளையாட்டின் காட்சி, சட்டகங்கள் எனப்படும் தனித்தனிப் படங்களால் ஆனது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் செயலி பாத்திரங்களின் நகர்வு, மோதல், விளையாட்டு விதிகள் ஆகியவற்றைக் கணித்து, வரைய வேண்டியவை பற்றிய கட்டளைகளை அனுப்புகிறது. வரைகலை அட்டை அக்கட்டளைகளின்படி ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் கணக்கிடுகிறது. முடிந்த சட்டகத்தைத் திரை காட்டுகிறது.

இப்பகிர்வு படிப்படியாக உருவானதாகும். 1996 இல் வெளியான குவேக் விளையாட்டு, தொடக்கத்தில் வரையும் பணி முழுவதையும் செயலியிலேயே செய்தது. அதே ஆண்டில் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டைகள் படப்புள்ளிகளை நிரப்பும் பணியை ஏற்றன. 1999 இல் வெளிவந்த என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256, வடிவியல் கணிப்புகளின் ஒரு பகுதியையும் செயலியிடமிருந்து எடுத்துக்கொண்டது.

திரையின் பங்கு

திரையின் இரு பண்புகள் ஏனைய உறுப்புகளின் சுமையை முடிவு செய்கின்றன.

பிரிதிறன்: 1920 × 1080 திரையில் சுமார் 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் இது சுமார் 36.9 இலட்சம். 3840 × 2160 திரையில் சுமார் 82.9 இலட்சம், அதாவது முதலாவதைப் போல் நான்கு மடங்கு. இச்சுமை பெரும்பாலும் வரைகலை அட்டையையே சேரும். செயலியின் பணி பிரிதிறனுடன் அதிகம் மாறுவதில்லை.

புதுப்பிப்பு வீதம்: 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு சட்டகத்தை 16.7 மில்லிநொடிக்குள் அளிக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.9 மில்லிநொடியே கிடைக்கிறது. இக்கால வரம்பு செயலி, வரைகலை அட்டை இரண்டுக்கும் பொருந்தும்.

எனவே உயர் பிரிதிறனும் 60 ஹெர்ட்ஸ் வீதமும் கொண்ட திரைக்கு வலிய வரைகலை அட்டை முதன்மையானது. 1920 × 1080 பிரிதிறனில் 240 ஹெர்ட்ஸ் வீதத்தை நாடுவோருக்குச் செயலியின் வேகமும் அதே அளவு முதன்மை பெறுகிறது.

சட்டகங்கள் திரையின் வீதத்துடன் ஒத்திசையாதபோது படம் கிடையாகக் கிழிந்தது போல் தோன்றலாம். இதைத் தவிர்க்க, சட்டகம் வரும் நேரத்துக்கேற்பத் திரையே தன் வீதத்தை மாற்றிக்கொள்ளும் நுட்பங்கள் தோன்றின. என்விடியாவின் ஜி-சிங்க் 2013 இலும் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் 2014 இலும் அறிவிக்கப்பட்டன.

பின்தங்கும் உறுப்பைக் கண்டறிதல்

சட்டக வீதத்துக்கு வரம்பிடும் அமைப்புகளை நிறுத்திவிட்டு, விளையாட்டின் பிரிதிறனைக் குறைத்துப் பார்ப்பது எளிய சோதனையாகும். சட்டக வீதம் நன்கு உயர்ந்தால் வரைகலை அட்டையே தடையாக இருந்தது. உயராவிடில் தடை பெரும்பாலும் செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது.

செயலியின் மொத்தப் பயன்பாட்டு விழுக்காட்டை மட்டும் நம்புதல் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். எட்டுக் கருவங்கள் கொண்ட செயலியில் ஒரே கருவம் முழுச் சுமையில் இயங்கினால், மொத்தப் பயன்பாடு 12.5 விழுக்காடாகவே தெரியலாம். ஆயினும் விளையாட்டு அக்கருவத்துக்காகவே காத்திருக்கும்.

வழமையான தவறுகள்

* திரையின் கம்பியை வரைகலை அட்டையில் இணைக்காமல் தாய்ப்பலகையில் இணைத்தல். பெரும்பாலும் இதனால் செயலியுடன் உள்ள சிறிய வரைகலைப் பகுதியே விளையாட்டை இயக்க நேரிடும்.
* 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கிய பின்னும் இயங்குதள அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என விட்டுவிடுதல்.
* பழைய கம்பியைப் பயன்படுத்துதல் அல்லது பழைய இணைப்புத் தரத்துடன் நிறுத்திக்கொள்ளுதல். எச்டிஎம்ஐ 1.4 தரம் 3840 × 2160 பிரிதிறனில் 30 ஹெர்ட்ஸ் வரையே இடமளிக்கிறது.
* செயலி தடையாக உள்ள கணினியில் வரைகலை அட்டையை மட்டும் மாற்றுதல். இதனால் சட்டக வீதம் அதிகம் உயராது. மாறாக, அதே செலவில் செயலியை மாற்றினால் பழைய அட்டையின் முழுத் திறனும் வெளிப்படக்கூடும்.