கல்லடைப்பு மருத்துவத்தில் தீர்வுக் கணிப்பு: சேர்வராயன் மலைப் பின்புலத்தில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சேர்வராயன் மலையில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஏற்காடு. அங்கிருந்து சேலத்திற்கு இறங்கும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சிறுநீரகக் கல்லுக்கு அறுவை செய்துகொண்ட மலைவாழ் நோயாளிக்குக் கல் எஞ்சினால், மீண்டும் பயணமும் கூலி இழப்பும் நேரும். எனவே, 'ஒரே அறுவையில் கல் முற்றிலும் அகலுமா?' என்பது அவருடைய வாழ்க்கையோடு பிணைந்த வினாவாகும். இவ்வினாவை மருத்துவ மரபுகள் எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபு மருத்துவத்தில் கணிப்பு

சிறுநீர்ப்பைக் கல்லுக்கான அறுவையைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. புதிய கல்லுக்கு மருந்தும் முதிர்ந்த கல்லுக்கு அறுவையும் அதில் கூறப்படுகின்றன. தேர்ந்த மருத்துவருக்கும் இவ்வறுவையின் வெற்றி ஐயத்திற்குரியது என்பதால், அரசனின் இசைவு பெற்றே தொடங்க வேண்டும் என்கிறது அந்நூல். கணிப்பு இங்கு எச்சரிக்கையாக அமைகிறது.

தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகள் நோயாளியின் சிறுநீரையே சான்றாகக் கொள்கின்றன. சிறுநீரில் இட்ட எண்ணெய்த்துளி பாம்புபோல் நீண்டால் வளி, மோதிரம்போல் பரவினால் அழல், முத்துப்போல் நின்றால் ஐயம் எனக் கொள்வர். நோய் தீருமா, தீராதா என்பதும் இவ்வாறே கணிக்கப்பட்டது. கல்லடைப்புக்குச் சித்த மருத்துவம் பயன்படுத்தும் சிறுபீளையே, சேலம் வட்டாரத்தில் காப்புக் கட்டப் பயன்படும் பூளைப்பூ. கற்பேதி என்னும் அதன் மறுபெயர், கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கையைச் சுட்டுகிறது.

மதிப்பெண்ணின் தோற்றம்

1976இல் சுவீடனைச் சேர்ந்த பெர்ன்ஸ்ட்ரோம், யோகான்சன் ஆகியோர் முதுகுப்புறத் தோலில் துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை அகற்றும் முறையை வெளியிட்டனர். இம்முறை பரவியபின், அறுவையின் கடினத்தை முன்னரே அளக்கும் தேவை எழுந்தது. 2011இல் இலண்டனில் உருவான கைஸ் மதிப்பெண், கல்லின் இடம், எண்ணிக்கை, சிறுநீரக அமைப்பு முதலியவற்றைக் கொண்டு நோயாளிகளை 4 நிலைகளாகப் பகுத்தது. 100 அறுவைகளைக் கொண்ட அவ்வாய்வில், கல் முற்றிலும் அகன்றோர் முதல்நிலையில் 81 விழுக்காடு. மான்கொம்புக் கல் முழுமையாக அமைந்தோரை உள்ளடக்கிய நான்காம் நிலையில் 29 விழுக்காடு. 2013இல் வெளிவந்த ஸ்டோன் மதிப்பெண், சி.டி. படத்தின் துணையுடன் கல்லின் அளவு, அடர்த்தி, தோலிலிருந்து கல் வரையிலான தொலைவு ஆகியவற்றையும் சேர்த்தது.

மருத்துவமனையும் ஒரு காரணி

அதே 2013இல் வெளியான குரோஸ் கணிப்பு வரைபடம், மருத்துவமனை ஆண்டுதோறும் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கையையும் கணக்கில் கொண்டது. ஒரே கல்லாயினும் அறுவை நிகழும் இடத்திற்கேற்ப விளைவு மாறும் என்பதை இது ஒப்புக்கொள்கிறது. சேர்வராயன் மலைவாழ் நோயாளிக்கு இது முதன்மையானது: எங்குச் செல்வது என்ற முடிவும் கணிப்பின் ஒரு பகுதியாகிறது. எனினும் பயணத் தொலைவும், எஞ்சிய கல்லுக்காக மீண்டும் வர இயலாமையும் இம்மூன்றிலும் இடம்பெறவில்லை.

முடிவுரை

கணிப்பின் சான்று நோயாளியின் சிறுநீரிலிருந்து கல்லின் வடிவத்திற்கும், பின்னர் மருத்துவமனையின் பட்டறிவிற்கும் நகர்ந்துள்ளது. அயல்நாட்டு மதிப்பெண்ணை அப்படியே ஏற்காமல், உள்ளூர் அறுவை முடிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், கணிப்பை நோயாளிக்கு அவர் மொழியில் முன்கூட்டியே எடுத்துரைப்பதும் தேவை. அன்று அரசனிடம் பெற்ற இசைவு இன்று நோயாளியிடம் பெறப்படுகிறது. எஞ்சும் ஐயத்தையும் அறிந்து தருவதே முழுமையான இசைவாகும்.