புடைப்பு வேலைப்பாடு

புடைப்பு வேலைப்பாடு (எம்போசிங்) என்பது உலோகத் தகடு, தாள், தோல், துணி போன்ற மெல்லிய பொருட்களை அழுத்தியோ அடித்தோ, அவற்றின் பரப்பில் உருவம் மேலெழுந்து தோன்றுமாறு செய்யும் தொழில்நுட்பம் ஆகும். இம்முறையில் பொருளில் எதுவும் வெட்டி நீக்கப்படுவதில்லை. புதிதாக எதுவும் சேர்க்கப்படுவதும் இல்லை. இருக்கும் பொருளே இடம்பெயர்ந்து உருவம் பெறுகிறது. ஆகவே முன்பக்கத்தில் மேடாக உள்ள இடம் பின்பக்கத்தில் பள்ளமாக இருக்கும். செதுக்கல், வார்ப்பு, பதிப்பு போன்ற பிற வேலைப்பாடுகளிலிருந்து இதனைப் பிரித்தறிய உதவும் முதன்மை அடையாளம் இதுவே.

சொற்பொருள்

தமிழில் புடைத்தல் என்னும் சொல்லுக்கு அடித்தல் என்றும், வீங்குதல் அல்லது பருத்தல் என்றும் பொருள்கள் உண்டு. தகட்டை அடித்துப் பருக்கச் செய்யும் இவ்வேலைக்கு இரு பொருள்களும் பொருந்துகின்றன.

எனினும் வழக்கில் இரண்டு குழப்பங்கள் உள்ளன. முதலாவது, பொறித்தல் என்ற சொல் கல்வெட்டில் எழுத்து வெட்டுவதற்கும், தகட்டில் உருவம் புடைப்பதற்கும், முத்திரை இடுவதற்கும் பொதுவாக வழங்குகிறது. இரண்டாவது, புடைப்புச் சிற்பம் என்ற கலைச்சொல் தோற்றத்தை மட்டுமே குறிக்கிறது. அது செய்யப்பட்ட முறையைக் குறிப்பதில்லை. பாறையில் உள்ள புடைப்புச் சிற்பம் செதுக்கல் வேலையே அன்றி, இக்கட்டுரையில் கூறப்படும் புடைப்பு வேலை அன்று.

சங்கரன்கோவில் வட்டாரத்தில்

இவ்வேறுபாட்டைத் தென்காசி மாவட்டத்திலுள்ள (2019 வரை திருநெல்வேலி மாவட்டம்) சங்கரன்கோவில் வட்டாரத்தில் நேரில் காணலாம். இவ்வூரின் சங்கரநாராயணர் கோயிலில், வீட்டில் பாம்பு, தேள் முதலியவற்றால் தொல்லை நேராதிருக்க வேண்டிக்கொள்வோர், அவ்வுயிரினங்களின் உருவம் கொண்ட சிறு வெள்ளித் தகடுகளை வாங்கி உண்டியலில் செலுத்துவது வழக்கம். தமிழகத்தின் பல கோயில்களில் செலுத்தப்படும் கண்மலர், கை, கால் உருவத் தகடுகளும் இவ்வகையினவே. மெல்லிய தகட்டை அச்சின் மீது வைத்து அழுத்துவதால் உருவம் எழுகிறது. இத்தகைய தகட்டைத் திருப்பிப் பார்த்தால் பாம்பின் உடல் பள்ளமாகத் தெரியும்.

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி செல்லும் வழியில் கழுகுமலை அமைந்துள்ளது. இங்குள்ள பாறையில் பாண்டியர் காலத்துச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக உள்ளன. இவற்றில் உருவத்தைச் சுற்றியுள்ள கல் வெட்டி நீக்கப்பட்டதால் உருவம் மேலெழுந்து நிற்கிறது. அவற்றின் அருகிலுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் எழுத்துகளே பள்ளமாக வெட்டப்பட்டுள்ளன. மேடு, பள்ளம் எனத் தோற்றம் மாறுபட்டாலும் இவ்விரண்டும் பொருளை நீக்கும் முறைகளே.

தொடர்புடைய சொற்களும் வேறுபாடுகளும்

ரெப்பூசே: தகட்டின் பின்பக்கத்திலிருந்து சுத்தியலும் முனை மழுங்கிய உளியும் கொண்டு கையால் தட்டி உருவம் எழுப்பும் முறை. இது பிரெஞ்சுச் சொல். புடைப்பு வேலையின் ஒரு வகையாகக் கருதப்படுகிறது. தகடு கிழியாமலிருக்க அரக்கு போன்ற இளகும் பொருளின் மீது வைத்துத் தட்டுவர். அடிக்க அடிக்க உலோகம் இறுகுவதால், இடையிடையே சூடாக்கி மென்மையாக்குவர்.

சேசிங்: முன்பக்கத்திலிருந்து தட்டி, கோடுகளையும் நுண்பகுதிகளையும் தெளிவாக்கும் முறை. இதிலும் உலோகம் நீக்கப்படுவதில்லை. பெரும்பாலும் ரெப்பூசேயுடன் சேர்த்தே செய்யப்படுகிறது.

செதுக்கல்: கூரிய கருவியால் பொருளை வெட்டி நீக்குதல். செப்பேடுகளில் எழுத்துகளை வெட்டுதல் இவ்வகையைச் சார்ந்தது.

வார்ப்பு: உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி உருவாக்குதல். சுவாமிமலைப் படிமங்கள் மெழுகு அச்சு முறையில் வார்க்கப்படுகின்றன.

நாணயம் அடித்தல்: தடித்த உலோக வில்லையை இரு அச்சுகளுக்கிடையே நசுக்குதல். இரு பக்கங்களிலும் வெவ்வேறு உருவங்கள் மேடாக அமைவதால், ஒன்று மற்றொன்றின் எதிர்வடிவம் அன்று.

பதிப்பு வேலை: ஒரு பொருளில் குழி வெட்டி வேறு பொருளைப் பொருத்துதல். கர்நாடகத்தின் பீதர் நகரைச் சேர்ந்த பித்ரி கலை இதற்கு எடுத்துக்காட்டு.

மேடிட்ட பூச்சு: தஞ்சாவூர் ஓவியங்களில் சுண்ணப்பொடிக் கலவையால் மேடு எழுப்பி, அதன் மீது பொன்தாள் ஒட்டுவர். இது பொருளைச் சேர்க்கும் முறையாகும்.

தாளில் புடைப்பு

1852 இல் சிந்துப் பகுதியில் வெளியான சிந்து டாக் அஞ்சல்தலைகளில் புடைப்பு முறை பயன்படுத்தப்பட்டது. பார்வையற்றோருக்கான பிரெயில் எழுத்தும் தாளில் புடைக்கப்பட்ட புள்ளிகளால் ஆனது. சட்டமும் ஊசிமுனைக் கருவியும் கொண்டு கையால் எழுதும்போது, தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, பின் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கின்றனர்.

திருமண அழைப்பிதழ்களில் மேடாகத் தோன்றும் எழுத்துகள் அனைத்தும் புடைப்பு அல்ல. ஈரமான மையின் மீது பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினாலும் எழுத்து மேடாகும். அத்தகைய தாளின் பின்பக்கத்தில் எழுத்தின் பள்ளம் இராது.

கலப்பு முறைகள்

ஒரே பொருளில் பல முறைகள் சேர்ந்து வருவதும் உண்டு. இரண்டாம் சரபோஜி (ஆட்சிக் காலம் 1798–1832) காலத்தில் தோன்றியதாகக் கூறப்படும் தஞ்சாவூர்க் கலைத்தட்டில், புடைக்கப்பட்ட வெள்ளி, செம்புத் தகடுகள் பித்தளைத் தட்டின் மீது பொருத்தப்படுகின்றன. இங்கு உருவங்கள் புடைப்பு வேலை. அவற்றைத் தட்டில் அமைத்தல் பதிப்பு வேலை.

வேறுபாட்டின் பயன்

வெள்ளிப் பொருள் ஒன்றைப் பற்றிய விளக்கக் குறிப்பில் "உருவம் பொறிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால், அது திண்ணிய வார்ப்பா, வெட்டு வேலையா, மெல்லிய தகடா என்பது விளங்காது. புடைத்த தகடு உள்ளீடற்றது. மேட்டை அழுத்தினால் நெளியும், தொடர்ந்து தேய்த்துத் துலக்கினால் மேடான பகுதிகள் முதலில் தேயும். கோயில் கவசங்களையும் வாகனத் தகடுகளையும் பேணுவோர்க்கு இவ்வறிவு இன்றியமையாதது. பின்பக்கம் காண இயலும் பொருளாயின் அதனைத் திருப்பிப் பார்ப்பதும், முன் மேடு பின் பள்ளமாக உள்ளதா என ஒப்பிடுவதும் எளிய சோதனையாகும்.