சப்ரகமுவத் தோட்டங்கள்: வன்செயலும் கலையும்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்துக் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர், தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் மலையகத் தமிழர், தம்மேல் விழுந்த வன்முறைக்குப் பாட்டிலும் கூத்திலும் ஒப்பாரியிலும், பிற்காலத்தில் அச்சிலும் பதில் சொன்ன வரலாறு இது. கொழும்பிலிருந்து கண்டி வீதியில் போகிறவர் கேகாலைக்கு முன் கடக்கும் ஊர் வரக்காப்பொல. நுவரெலியாவில் தோட்டத்தை ஒட்டித் தோட்டமாக மலை முழுதும் தமிழ்ப் பேச்சுக் கேட்கும். வரக்காப்பொலப் பக்கத்தில் அப்படியில்லை. சிங்களக் கிராமங்களுக்கு இடையே இறப்பர் மரங்கள், நடுவில் சில லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்), அவற்றில் சில நூறு பேர். இந்தச் சிதறல்தான் சப்ரகமுவத் தமிழரை வன்செயல் காலங்களில் எளிதில் தாக்கக்கூடியவர்களாக ஆக்கியது. பத்திரிகை, நாடக மன்றம், பதிப்பகம் இங்கே எளிதில் வேர்பிடிக்காததற்கும் அது ஒரு காரணம்.

பெருந்தோட்ட வன்முறை அடியில் மட்டும் இருந்ததில்லை. 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய பின், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவரை, ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் கடன் கட்டிப்போட்டது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக விடாத துண்டு முறை 1921 வரை நீடித்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் பாடி அச்சான கோப்பிக் கிருஷிக் கும்மி இந்த உலகைத் தமிழில் சொன்ன தொடக்க நூல்களில் ஒன்று. அது வேலை வாங்குகிறவர் பக்கம் நின்று பாடியது. வேலை செய்கிறவரின் குரலை அங்கே தேடிப் பயனில்லை. அது தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாட்டிலும் இருந்தது. துரையையும் கணக்கப்பிள்ளையையும் நேரில் திட்ட முடியாதவர்கள் பாட்டில் வைத்துத் திட்டினார்கள்.

இந்தக் கலையின் நடுவில் இருப்பது தப்பு என்னும் தோற்கருவி. வைக்கோல் தீயில் காட்டி, தோல் விறைத்து ஓசை ஏறும்வரை சூடாக்கி அடிப்பார்கள். விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக் களத்துக்கு (வேலைக்கு ஆளெண்ணும் இடத்துக்கு) அழைத்ததும் அந்தத் தப்புத்தான். சாவு வீட்டில் அழுதது அது. மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றியதும் கூத்துக்கு எழுந்ததும் அதே. அதிகாரத்தின் கட்டளையையும் மக்களின் துக்கத்தையும் ஒரே கைகள் ஒரே தோலில் அடித்தன. காமன் கூத்தில் சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிகிறான். குற்றமென்று எதுவும் செய்யாத ரதி தலைவிரி கோலமாக ஒப்பாரி வைக்கிறாள். வலியவன் கோபத்தில் எளியவன் சாம்பலாவதையும், அவன் மனைவி நியாயம் கேட்பதையும் ஆண்டுதோறும் மக்கள் விடிய விடிய விழித்திருந்து பார்த்தார்கள். இதை வெறும் சமயச் சடங்கு என்று எழுதிவிட்டுப் போவது தவறு.

அச்சும் மேடையும் அடுத்து வந்தன. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கி, 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் முதலில் பாடுவார்; பேச்சு அதன் பிறகுதான். எழுத்தறியாத மக்களிடம் அரசியலைக் கொண்டுசேர்க்க அவர் தேர்ந்த வழி பாட்டு. இலங்கை இந்தியர் நிலை பற்றிய அவருடைய பாடல்கள் 1940இல் சிறு நூலாக வந்தன. அதே ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. துப்பாக்கி இல்லாத இந்த வன்முறையே மலையக இலக்கியத்தின் பெரும்பொருள் ஆயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி 1954இல் வெளியிட்டார். மக்கள் வாயில் இருந்த பாடல்களைத் திரட்டி மலைநாட்டு மக்கள் பாடல்கள் நூலையும் தந்தார். அந்தத் திரட்டு இல்லாவிட்டால் பல பாடல்கள் பாடியவர்களோடு போயிருக்கும்.

1977 மே மாதம், தோட்டக் காணியைப் பறிப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். காணிப் பறிப்பையும் அதற்கெதிரான எழுச்சியையும் தி. ஞானசேகரன் 1979இல் குருதிமலை நாவலில் எழுதினார். ஆனால் இவையெல்லாம் மத்திய மலைநாட்டின் கதைகள். சப்ரகமுவவில் நடந்தது வேறு. தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்ட் வன்செயல் (பின்னர் சன்சோனி ஆணைக்குழு விசாரித்தது), 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள்மீது நடந்த தாக்குதல், 1983 ஜூலை வன்செயல் என ஆறு ஆண்டுகளில் மூன்று முறை லயங்கள் எரிந்தன. தப்பியவர்களில் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் சேர்ந்தே இடம்பெயர்ந்ததால், கூத்து நடந்த களங்கள் பல வெறுமையாயின.

இங்கே மானிடவியலாளர் இ. வேலன்டைன் டானியலின் அனுபவம் முக்கியமானது. இலங்கையில் பிறந்த அவர், தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைச் சேகரிக்க 1983இல் அமெரிக்காவிலிருந்து வந்தார். ஜூலை வன்செயல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பாட்டைத் தேடி வந்தவரிடம் பெண்கள் கண்டதைச் சொன்னார்கள். சொல்ல முடியாத இடங்களில் மௌனமானார்கள். அவர் 1996இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்கு, கருகிய தாலாட்டுகள் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். வன்முறையை எழுதும்போது அதை அழகுபடுத்திவிடும் ஆபத்தையும், வெறும் அறிக்கையாக்கி உயிரை எடுத்துவிடும் ஆபத்தையும் அந்நூல் விடாமல் கேள்விக்குட்படுத்துகிறது. வன்செயலைப் பற்றி எழுத முனையும் எவரும் அதைப் படித்துவிட்டு எழுதுவது நல்லது.

சிங்களத் திரையிலும் பிற கலைகளிலும் மனசாட்சி பேசியது. தமிழருக்கு எதிரான 1958 வன்செயலில் மாயும் ஒரு தமிழ் எழுதுவினைஞரின் கதையைச் சுனில் ஆரியரத்ன 1979இல் சருங்கலே என்ற சிங்களத் திரைப்படமாக்கினார். அந்த வேடத்தில் காமினி பொன்சேகா நடித்தார். கவிஞர் ஜீன் அரசநாயகம் 1983 வன்செயலைத் தன் ஆங்கிலக் கவிதைகளில் பதித்தார். நம் நாளில் ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைச் சாயத்தையும் வடிகட்டியையும் கொண்டே லயத்து வாழ்வைக் காட்டுகிறார். 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மூதாதையர் நடந்த வழியில் மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

சப்ரகமுவவின் பங்கு இந்த வரிசையில் இன்னும் மெலிந்தே இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் சிங்களமொழிப் பாடசாலைக்குப் போகிறார்கள். பாட்டியின் ஒப்பாரி பேத்திக்கு விளங்குவதில்லை. 1977 வன்செயலை வளர்ந்த பெண்ணாகக் கண்டவர் இன்று எழுபதை நெருங்கிவிட்டார் அல்லது கடந்துவிட்டார். வரக்காப்பொல, தெஹியோவிட்ட, கஹவத்தைப் பக்கத்து ஆசிரியர்களும் இளைஞர்களும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய், அங்குள்ள மூத்தவர்கள் பாடுவதையும் சொல்வதையும் இந்த ஆண்டே பதிவு செய்ய வேண்டும்.