நீரிழிவு ஆய்வில் எலிகள்
இன்சுலின் சுரப்பும் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மனிதருக்கும் எலிக்கும் பெருமளவு ஒத்தவை. ஸ்ட்ரெப்டோசோடோசின் மருந்தை எலிக்கு ஊசியில் செலுத்தினால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து, சில நாட்களில் சர்க்கரை ஏறிவிடும். ஆய்வுக்கூடங்களில் பரவலாகக் கையாளப்படும் வழி இது.

மரபணுவாலேயே நோய் வரும் எலி வகைகளின் வரலாறு இதைவிடச் சுவையானது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் அளவுமீறிப் பருத்த 'ஓபி' சுண்டெலி கண்டறியப்பட்டது. 1960-களில் கடும் நீரிழிவுள்ள 'டிபி' வகை அங்கேயே கிடைத்தது. அந்த ஆய்வகத்தின் ஆய்வாளர் டக்ளஸ் கோல்மன் இரண்டையும் அறுவைமூலம் ஒட்டி, இரத்தம் கலக்கச் செய்தார். ஓபி உணவைக் கைவிட்டு, மெலிந்து இறந்தது. டிபியோ கொழுத்தபடியே இருந்தது. பசியடக்கும் பொருளொன்று டிபியின் இரத்தத்தில் ஓடுகிறது, அதன் உடல்தான் அதை உணர்வதில்லை என்று கோல்மன் முடிவுகட்டினார். துணிச்சலான கணிப்பு. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு ஓபி மரபணுவைப் பிரித்தறிந்தது. அது உருவாக்கும் ஹார்மோனே, கோல்மன் கணித்த பசியடக்கும் பொருளான லெப்டின்.

ஜப்பானில் உருவான 'என்.ஓ.டி.' சுண்டெலிக்குத் தன் நோயெதிர்ப்புச் செல்களாலேயே முதல் வகை நீரிழிவு வருகிறது, பெண் எலிகளுக்கு அதிகமாக. அவற்றில் நோயைத் தடுத்த பல சிகிச்சைகள் மனிதரிடம் பலிக்கவில்லை.