வாராஸின் தலைக்குமேல் ஏரிகள்

பெரு தேசத்தில் பசிபிக் கரையிலிருந்து கிழக்கே ஏறிச் செல்லும் யாத்திரிகர், பனி படியாத கறுப்பு மலைத்தொடரைத் தாண்டிச் சாந்தா நதியின் பள்ளத்தாக்கைக் காணும்போது, எதிர்ப்புறத்தில், 6,768 மீட்டர் உயரமுள்ள வாஸ்கரான் சிகரத்தைத் தலைமையாகக் கொண்டு, வெண்மலைத்தொடர் வானத்தை மறைத்து நிற்கும். வெப்பமண்டலத்தில் இத்தனை பனியாறுகள் ஒருங்கே அமைந்த மலை வேறில்லை. அந்தப் பனியின் ஜலமே பள்ளத்தாக்கின் வயல்களுக்கு ஜீவாதாரம். அதே ஜலம் ஒரே நாளில் ஊரை அழிக்கக் கண்ட மக்கள், பின்னர் அதைக் கட்டியாளக் கற்றுக்கொண்ட வரலாறு, பருவங்கள் நிலைமாறிவரும் இக்காலத்தில் நாம் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

பள்ளத்தாக்கின் பிரதான நகரமான வாராஸ் சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே, கோஹுப் என்னும் மலையிடுக்கின் உச்சியில், 4,566 மீட்டர் உயரத்தில் கிடப்பது பல்காகோச்சா ஏரி. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி காலை, ஏழு மணிக்குச் சற்று முன்பாக, அந்த ஏரியின் கரை உடைந்தது. வழியில் இருந்த மற்றோர் ஏரியையும் உடைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பிரவாகம், சேறும் பாறையுமாக உருண்டு இறங்கி, வாராஸ் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. இறந்தவர்கள் ஐயாயிரம் பேர் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 1,800 அளவில் கணிக்கின்றனர். அழிந்ததில் பெரும்பகுதி சென்டெனாரியோ என்ற புதுப் பேட்டை. வசதி படைத்தவர்கள் ஆற்றோரத்துச் சமநிலத்தை விரும்பிப் புதுமாதிரி வீடுகள் கட்டிக் குடியேறிய இடம்.

அந்த ஏரிகள் மலையைப் போலப் பழமையானவை அல்ல. முந்திய குளிர் நூற்றாண்டுகளில் பனியாறுகள் இறங்கி வந்து, தாம் அரைத்துத் தள்ளிய கல்லையும் மண்ணையும் தம் முகப்பில் மேடாகக் குவித்தன. புவியியலார் மொரைன் என்று வழங்கும் மேடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு வெப்பம் ஏறப் பனி பின்வாங்கியது. மேட்டுக்கும் பனிக்கும் இடையே விட்டுப்போன பள்ளத்தில் உருகிய ஜலம் நிறைந்தது. இறுகாத மண்ணாலும் கல்லாலும் ஆன அணை. அதற்கு மேலே செங்குத்தான பனிச்சரிவு. சரிவிலிருந்து ஒரு பனிப்பாளம் பெயர்ந்து ஏரியில் விழுந்தால் எழும் அலை கரையைத் தாண்டும். தாண்டும் ஜலம் மண்ணை அரிக்கும். அரித்த வாய் அகல அகல வேகம் மிகுந்து, சிறிது நேரத்தில் ஏரி முழுவதும் வெளியேறிவிடும். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் ஹான்ஸ் கின்சல் 1939-இல், கரை முழுமையாக நின்ற நிலையில் பல்காகோச்சாவைப் படமெடுத்திருந்தார். பனி தேய்ந்ததனால் விளைந்த ஆபத்து அது. அன்று அதை அவ்வாறு கண்டவர் சிலரே.

1945 ஜனவரியில் மலையின் கிழக்குப் புறத்தில் வேறு ஏரிகள் உடைந்தன. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட, சாவின் என்னும் இடத்து ஆலயத்தின் இடிபாடுகளைச் சேறு மூடியது. தொல்பொருள் அறிஞர் ஹூலியோ தெல்லோ அங்கே அகழ்ந்து சேர்த்திருந்த சிற்பங்களில் பலவற்றை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. பின்னர் மூன்றாவது அடி விழுந்தது. லாஸ் செத்ரோஸ் மலையிடுக்கின் ஹன்கருரிஷ் ஏரியின் மட்டத்தை இறக்கிவிடுவதற்காகக் கரையை வெட்டும் வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே, 1950 அக்டோபர் 20-இல், அது உடைந்தது. கீழே முடியுந் தறுவாயில் இருந்த நீர்மின் நிலைய வேலைகள் சிதைந்தன. சுமார் இருநூறு பேர் மாண்டனர்.

மறு ஆண்டிலேயே, 1951-இல், வெண்மலைத்தொடரின் ஏரிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்றே அரசாங்கம் ஒரு கமிஷன் அமைத்தது. உலகத்தில் அதற்கு முன்மாதிரி அநேகமாக இல்லை; எனவே கமிஷனின் பொறியாளர்களும் கூலியாட்களும் தாங்களே ஒரு தொழிலை உருவாக்க வேண்டியதாயிற்று. மூச்சுத் திணறும் உயரத்தில், சாலை இல்லாத இடத்துக்குக் கருவிகளைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்று, மொரைன் மேட்டில் மேலே அகலமும் அடியில் குறுகலுமாக ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் தாங்கள் வெட்டிய வாயே உடைப்பாகிவிடும் என்பதால், கொஞ்சம் வெட்டி, ஏரி அந்த அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி வெட்டுவார்கள். வேண்டிய மட்டத்துக்கு வந்தபின் அடியில் பெரிய குழாயைப் பதித்து, வெட்டிய வாயை மண்ணிட்டு இறுக்கிக் கல் பாவி, பழைய உயரத்துக்கே அணை எழுப்புவார்கள். அன்றாடம் சுரக்கும் ஜலம் குழாய்வழியே போய்விடும். பனி விழுந்து எழும் அலைக்கு எதிரே உயர்ந்த சுவர் நிற்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் இவ்வாறு சுமார் முப்பத்தைந்து ஏரிகளைச் சீர்செய்தனர். அந்தத் தொழிலாளிகளில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை; ஊரைக் காத்தவர்கள் என்ற கௌரவம் அவர்களுக்கு முதலில் உரியது.

இதற்கிடையில், வெள்ளம் ஓடிய தடத்தில் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் விதித்த தடை நெடுநாள் நிலைக்கவில்லை. ஜனங்கள் சென்டெனாரியோவுக்கே திரும்பி வந்தார்கள். 1970 மே 31-இல் நேர்ந்த பூகம்பத்தில் வாராஸ் தரைமட்டமாகி, வாஸ்கரானிலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் யுங்கை நகரத்தைப் புதைத்தபின்பும், ஊரை வேறிடத்துக்கு மாற்றும் திட்டங்களை அவர்கள் ஏற்கவில்லை. இதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் சம்மதமில்லை. நிலம், சந்தை, உறவு, ஊரில் தமக்குள்ள அந்தஸ்து ஆகியவற்றை விட்டுப்போவது எத்தகைய இழப்பென்று வரைபடம் கீறும் அதிகாரியைவிட அங்கே குடியிருப்பவனே நன்கு அறிவான்.

ஏரிகளை இறக்கும் தொழிலின் பயன் 2010 ஏப்ரல் 11-இல் கண்கூடாயிற்று. கர்வாஸ் நகருக்கு மேலே, பெயரின்றி 513 என்ற எண்ணாலேயே வழங்கும் ஏரியில், வால்கான் சிகரத்திலிருந்து பனியும் பாறையும் சரிந்து விழுந்தன. 1990-களில் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்து அந்த ஏரியை இருபது மீட்டர் இறக்கியிருந்தார்கள். எழுந்த அலை அந்த இருபது மீட்டரையும் தாண்டி வழிந்து வயல்களைப் பாழாக்கியது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை.

ஆயினும் தொழிலைத் தாங்கிய ஸ்தாபனத்துக்கு அத்தகைய ஸ்திரம் வாய்க்கவில்லை. 1990-களில் அது சார்ந்திருந்த மின்துறை தனியார்மயமான காலத்தில், கமிஷனின் வழிவந்த பனியாற்று அலுவலகம் மூடப்பட்டுச் சில ஆண்டுகள் இல்லாமலே போயிற்று. பனியோ தேய்ந்துகொண்டே இருந்தது: 1970-இல் சுமார் 720 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பு 2003-இல் சுமார் 530 ஆகிவிட்டது. 1941-இல் ஏறக்குறைய வற்றிப்போன பல்காகோச்சா, 2009-இல் அளந்தபோது 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர் கொண்டிருந்தது. உடைப்புக்கு முன்பு இருந்ததைக் காட்டிலும் மிகுதி. 2011-இல் தற்காலிக ஏற்பாடாகச் சைஃபன் குழாய்களைப் போட்டு மட்டத்தைச் சில மீட்டர் குறைத்தார்கள். ஏரிக்கரைக் குடிசையில் முறைவைத்துத் தங்கும் காவலர், இரவிலும் பகலிலும் வானொலிக் கருவிவழி நகரத்துக்கு நிலவரம் சொல்லி வருகின்றனர்.

வாராஸ் நகரத்து உழவரும் மலைவழிகாட்டியுமான ஒருவர், உலகத்தின் கரிப்புகையில் ஒரு ஜெர்மானிய மின்கம்பெனிக்குள்ள பங்கு 0.47 சதவீதம் என்று கணக்குக் காட்டி, பல்காகோச்சாவைப் பாதுகாப்பாக இறக்கும் செலவில் அதே பங்கை அக்கம்பெனி தரவேண்டுமென்று 2015-இல் ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தார். ஹாம் நகர மேல்நீதிமன்றம் 2025 மே 28-இல், அவர் வீட்டை வெள்ளம் எட்டக்கூடிய சாத்தியம் மிகச் சிறிது என்று வழக்கைத் தள்ளிற்று. ஆனால் புகை விடுவோர் பொறுப்பேற்க நேரிடலாம் என்பதையும், தூரம் மட்டுமே அதற்குத் தடையாகாது என்பதையும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது.